சந்நிதி வாசலிலிருந்து முதல் ஐம்பது கிலோமீற்றர்

நீண்ட யாத்திரை சென்று மீள்வோர் பெரும்பாலும் முடிவிடத்தைப் பற்றியே பேசுவர். காசிக்குப் போனவர் கங்கையைச் சொல்வர். கதிர்காமத்துக்குப் போனவர் மாணிக்க கங்கையைச் சொல்வர். இடைவழியிற் கழிந்த நாட்கள், அவற்றுள்ளும் முதல் நாள், எவர் பேச்சிலும் அதிகம் இடம்பெறுவதில்லை. ஆயினும், ஒரு யாத்திரை நிறைவேறுமா, நடுவழியிற் குலைந்துபோகுமா என்பதைப் பெரும்பாலும் முதல் நாளே தீர்த்துவிடுகின்றது. உடல் எவ்வளவு தாங்கும், வண்டி எவ்வளவு சுமக்கும், இரவில் எங்கே தலை சாய்ப்பது என்னும் மூன்று வினாக்களும் அன்றே நம் முன்னால் வந்து நிற்கின்றன.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை கால்நடையாகச் செல்லும் பாதயாத்திரை நம் நாட்டின் பழைய வழக்கங்களுள் ஒன்று. அடியார்கள் கூட்டமாகச் சேர்ந்து, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை எனக் கிழக்குக் கரையை ஒட்டி வாரக்கணக்கில் நடந்து, குமண, யால காடுகளைக் கடந்து கந்தன் சந்நிதியை அடைவர். போர்க் காலத்தில் வடக்கிலே தடைப்பட்டிருந்த இவ்வழக்கம் போர் முடிந்தபின் மீண்டும் உயிர் பெற்றது. அவ்வழியைத் துவிச்சக்கர வண்டியிலே, தனியாக, ஒரு சிறு கூடாரத்தையும் சுமந்துகொண்டு, பத்து நாட்களிற் கடப்பதென்று நாம் எண்ணினோம். காட்டினூடே வண்டியிற் செல்ல இயலாதாகையால், பொத்துவிலுக்கு அப்பால் மொனராகலை, புத்தல வழியே சுற்றிப் போதல் வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 600 கிலோமீற்றர். சித்திரை விடுமுறை இதற்கு வாய்ப்பான காலம். வாடைக் காற்று ஓய்ந்திருக்கும். சோளகக் காற்று இன்னும் பலக்கத் தொடங்கியிராது. வெயில் மாத்திரமே பகை.

சுமையும் சுமைதாங்கியும்

தனியே செல்பவன் தன் வீட்டைத் தன் வண்டியிலேயே கொண்டு செல்ல வேண்டியவனாகின்றான். ஆதலால் ஒவ்வொரு பொருளையும் நிறுத்துப் பார்த்தே கட்டினோம். கூடாரம் 2 கிலோ. தண்ணீர் 5 லீற்றர். பாய் ஒன்று, சாரம் இரண்டு, துவாய் ஒன்று. கைப்பம்பு, மேலதிக ரியூப் இரண்டு, ஒட்டுச் சாமான்கள். ஒடியல், பனங்கட்டி, அவல். கைவிளக்கு, அடையாள அட்டை. எல்லாம் சேர்ந்து 16 கிலோவுக்கு மேற்படவில்லை. பாரத்தைப் பின் கரியரின் இருபுறமும் சமமாகத் தொங்கவிட்டு, தண்ணீரை மாத்திரம் முன்புறம் கட்டினோம். பாரம் முழுவதும் பின்னால் இருந்தால் முன்சில்லு இலேசாகி, மணலிலே வண்டி தடுமாறும்.

யாழ்ப்பாணத்தவர்க்குத் துவிச்சக்கர வண்டியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990களிற் பொருளாதாரத் தடை நிலவி எரிபொருள் இல்லாதிருந்த காலத்திலே, விறகும் நெல்லும் நோயாளரும் இவ்வண்டியிலேயே ஏறிச் சென்றனர். 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் வரிசைகள் நீண்டபோதும், மூலையிற் சாத்திக் கிடந்த வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன.

சந்நிதியிலே அதிகாலை மணி ஒலித்தது. இங்கே பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வர். கதிர்காமத்திலும் அதே முறை. வடமுனையில் ஒரு முருகன், தென்திசையில் ஒரு முருகன், இருவர்க்கும் ஒரே விதமான பூசை. இடையில் 600 கிலோமீற்றர். திருநீறு பூசிக்கொண்டு, ஐந்தரை மணியளவில் வண்டியில் ஏறினோம்.

வல்வெட்டித்துறை வரை கடல் நம் இடப்பக்கத்திலே கூடவே வந்தது. இக்கரையோரம் தனியே துணிந்தோரின் கரையோரமாகும். தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இற் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் அதே நீரிணையை நீந்திப் போய் மீளவும் நீந்தித் திரும்பினார். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இவர்களை எண்ணும்போது, கரையிலே சில்லுருட்டிச் செல்வது பெரிய வீரமெனச் சொல்லிக்கொள்ள நா எழவில்லை.

பருத்தித்துறையை ஏழு மணியளவில் அடைந்தோம். பருத்தித்துறை வடையில் ஒரு பொதி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, தும்பளை வீதியிலுள்ள தெருமூடி மடத்தின் நிழலிலே சற்று இருந்தோம். மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய கட்டடம் இது. வீதியின் இருமருங்கும் திண்ணை, திண்ணைமீது கற்றூண்கள், மேலே வீதியையும் சேர்த்து மூடிய கூரை. வண்டிகள் கூரையின் கீழே போகும். வழிப்போக்கர் திண்ணையில் அமர்ந்து இளைப்பாறுவர். காசு கேட்பாரில்லை, ஊர் கேட்பாரில்லை.

நம் முன்னோர் வீதியை வெறும் போக்குவரத்துத் தடமாகக் கொள்ளவில்லை என்பதற்கு மடங்கள் மாத்திரமன்றிச் சுமைதாங்கிகளும் சான்றாகும். சுமைதாங்கியின் உட்பொருளை இன்று பலர் அறியார். தலைச்சுமையோடு வருபவன் கூட்டத்தில் வந்தால், ஒருவன் இறக்கிவிடுவான், இன்னொருவன் தூக்கிவிடுவான். தனியே வருபவன் என்ன செய்வான்? இறக்கினால் ஏற்ற ஆளில்லை. அவனுக்காகவே ஆளுயரத்திற் கல்லையடுக்கி வைத்தார்கள். சுமையை அதன்மீது தள்ளி வைத்து இளைப்பாறி, பிறர் உதவியின்றி மீண்டும் தலையிலே ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளையை வயிற்றிற் சுமந்தபடி இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நாட்டும் வழக்கமிருந்தது. இறக்கி வைக்க முடியாமற் போன ஒரு சுமைக்காக, முன்பின் அறியாத வழிப்போக்கனின் சுமையை இறக்க ஒரு கல்!

மணலும் நன்னீரும்

பருத்தித்துறையிலிருந்து மருதங்கேணி நோக்கிச் செல்லும் வீதியிலே வல்லிபுரம் வருகின்றது. மணற்றிட்டுகளின் நடுவே ஆழ்வார் கோயிற் கோபுரம் உயர்ந்து நிற்கும் காட்சி எக்காலமும் மறக்க முடியாதது. 1936இல் இவ்வூரிற் கண்டெடுக்கப்பட்ட பொற்சாசனம் வசப மன்னன் காலத்தது; பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டது. இன்று மணலாகக் கிடக்கும் இவ்விடம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு அண்மித்த பழைமையுடையது என்பதற்கு அதுவே போதும்.

அப்பால் மணற்காடு. பெயரே ஊரின் விளக்கம். வாடைக் காற்று வருடந்தோறும் கடற்கரை மணலை வாரி வந்து குன்றுகளாகக் குவித்திருக்கின்றது. பழைய அந்தோனியார் கோவிலொன்றின் இடிந்த சுவர்கள் மணலினுள்ளே அரைவாசி புதைந்து நிற்கின்றன. மணல் ஊருக்குள் நகர்ந்து வாராமல் தடுக்கச் சவுக்கு மரங்களை நட்டிருக்கிறார்கள். அச்சோலையிலே காற்றுப் புகும்போது எழும் ஓசையைக் கடலோசையிலிருந்து பிரித்தறிதல் கடினம்.

இம்மணலைப் பயனற்ற நிலமென எண்ணற்க. வழியிலே ஒரு வீட்டிற் குடிநீர் கேட்டோம். கடலுக்கு அத்தனை அண்மையிலுள்ள ஆழமற்ற கிணறு. நீரோ இளநீர் போன்றது. இதன் காரணத்தை மாணவர் அறிதல் நன்று. மழைநீர் மணலினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீரைக் காட்டிலும் கடல்நீர் பாரங்கூடியது. ஆகையால் இரண்டும் இலகுவிற் கலப்பதில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடி குறையும். மணற்குன்றை லொறியில் ஏற்றுபவன் மணலை மாத்திரம் ஏற்றவில்லை. ஊரின் கிணற்றையும் சேர்த்தே ஏற்றிச் செல்கின்றான்.

குடத்தனையைத் தாண்டியபோது வெயில் ஏறிவிட்டது. அம்பனுக்கு அருகிலே பின்சில்லிற் காற்று இறங்கியது. நெருஞ்சிமுள். வேலியோரம் வண்டியைக் கவிழ்த்துவைத்து ரயரைக் கழற்றிக்கொண்டிருக்க, விடுமுறையில் நின்ற பதின்மூன்று வயதுச் சிறுவனொருவன் வந்து பார்த்தான். நாம் கேளாமலே வீட்டுக்குள் ஓடி, சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். ரியூப்பை அதில் அமிழ்த்தித் துளை இருக்குமிடத்தை அவனே கண்டுபிடித்தான். வேலை முடியுமட்டும் பேசாதிருந்தவன், காற்றடிக்கும்போது ஒரேயொரு கேள்வி கேட்டான்.

“தனியப் போறது பயமில்லையோ சேர்?”

“பயம் இருக்குது தம்பி. அதுதான் பகலிலை மட்டும் ஓடுறன்” என்றோம். அவன் சிரித்தான். ஆனால் அது முழு விடையன்று என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். அவனுடைய தாயார் வேப்பமர நிழலிற் பாய் விரித்து, செம்பு நிறைய மோரும் தந்து, “வெயில் தணியட்டும், இருந்திட்டுப் போங்கோ” என்றார். மூன்று மணி வரை அங்கேயே படுத்திருந்தோம்.

பாதையை விட்டு இறங்காதே

நாகர்கோவில் நாகதம்பிரான் ஆலயத்துக்குப் புகழ் தேடித்தருவது அதன் கப்பற்றிருவிழா. இவ்வூரின் பெயரைக் கேட்டதும் ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு நினைவுக்கு வருவது வேறொன்று. 1995 செப்டெம்பரில் இங்குள்ள பாடசாலைமீது விமானக் குண்டு வீழ்ந்து மாணவர் பலர் மாண்டனர். வண்டியை விட்டிறங்கிச் சற்று நேரம் நின்றோம். எந்த நாளும் மாணவரின் வரவு இடாப்பைக் கையிற் பிடிப்பவனுக்கு, ஒரே நாளில் அத்தனை பெயர்களும் மறுமொழியற்றுப் போவது எத்தன்மைத்து என்பதை எழுத்திற் சொல்லுதல் ஆகாது.

போர் முடிவதற்கு முந்திய ஆண்டுகளிலே முகமாலை தொடக்கம் நாகர்கோவில் வரை போர்முனை நீண்டு கிடந்தது. ஆதலால் இப்பகுதி நிலத்திலே மிதிவெடிகள் நெருக்கமாகப் புதைக்கப்பட்டன. 2009இற்குப் பின்னர் கண்ணிவெடி அகற்றுவோர் ஆண்டுக்கணக்காகக் கையளவு நிலமாகத் தடவித் தடவி அவற்றை எடுத்து வந்துள்ளனர். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையை வடபகுதிப் பிள்ளைகள் எழுத்தறியுமுன்பே அறிவார்கள். கூடாரப் பிரயாணம் பற்றிப் பிறநாட்டார் எழுதிய நூல்களில், ‘பாதையை விட்டு விலகி, மரங்களிடையே மறைவான இடத்தைத் தேர்ந்துகொள்க’ என்னும் புத்திமதியைக் காணலாம். இங்கே அப்புத்திமதி உயிருக்கு உலை. இங்கு விதி நேர்மாறானது: பாதையை விட்டு இறங்காதே, ஆட்கள் இல்லாத இடத்திற் படுக்காதே, ஊரவர் காலடி பட்ட நிலத்தில் மாத்திரம் நீயும் கால்வை.

செம்பியன்பற்றைக் கடந்து தாளையடி, மருதங்கேணிப் பக்கம் வந்தோம். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் தாளையடியிலே திறக்கப்பட்டுள்ளது. காலையிற் கண்ட மணற்கிணற்றையும் மாலையிற் கண்ட இந்நிலையத்தையும் ஒருங்கே எண்ணினால், இயற்கை இனாமாகத் தருவதை எவ்வளவு செலவிட்டு நாம் பெறவேண்டியுள்ளது என்பது விளங்கும்.

உடுத்துறையிலே ஆழிப்பேரலை நினைவாலயம் இருக்கின்றது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி காலை இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இக்கரையோரக் கிராமங்கள் அடியோடு அழிந்தன. பெயர்களை வாசித்துச் சென்றோம். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருமிடங்களிற் கண் தானாக நின்றது.

வாசல் எத்திசை?

கட்டைக்காட்டை அடைந்தபோது சூரியன் சாய்ந்துவிட்டது. நாட்கணக்கில் ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். துவிச்சக்கர வண்டிக்கு அது பெருந்தூரமன்று. ஆயினும் வெயிலும் சுமையும் சேர்ந்து தொடைகளிற் கல்லைக் கட்டிவிட்டன. இனி மூன்றாவது வினா: இரவில் எங்கே படுப்பது?

கடற்கரையிலே மீனவர் வாடிகள் சில. கரைவலைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம்மையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்கையிருந்து வாறியள் தம்பி?”

“சந்நிதியிலையிருந்து, அப்பு. கதிர்காமம் போறன். இண்டைக்கு முதல் நாள். இந்தப் பக்கத்திலை கூடாரம் அடிச்சுப் படுக்க ஏலுமோ எண்டு கேக்க வந்தனான்.”

தனியாள், கடற்கரை, இரவு, கூடாரம் என்றால் எவர்க்கும் ஐயம் எழத்தான் செய்யும். அடையாள அட்டையை எடுத்து நீட்டினோம். அவர் அதை வாங்கவில்லை. “என்ன தொழில்?” என்று கேட்டார். சொன்னோம்.

“வாத்தியாரோ? படிப்பிக்கிறதை விட்டிட்டு இதென்ன வேலை?” என்று சிரித்தார். பின்பு கையை நீட்டி, “அந்தப் பத்தைப் பக்கம் போகவேண்டாம். நாங்களே போறேல்லை. இஞ்சை, வாடிக்குப் பக்கத்திலை அடியுங்கோ. எங்கடை பெடியள் விடியப்புறம் தொழிலுக்குப் போவாங்கள், சத்தம் போடுவாங்கள், அவ்வளவுதான்” என்றார்.

அவர் கத்தோலிக்கர், வாடியினுள்ளே அந்தோனியார் படமும் அணையாத சிறு விளக்கும் தெரிந்தன. நம் நெற்றியிற் சந்நிதித் திருநீறு. “முருகனட்டைப் போற பிள்ளை. சாப்பாடு என்ன மாதிரி? மச்சம் தின்னமாட்டியள், என்ன?” என்று அவரே கேட்டு, பாணும் சம்பலும் வரவழைத்தார். சம்பலில் மாசி போடவேண்டாமென்று உள்ளே குரல் கொடுத்ததும் அவரே.

கூடாரத்தை விரித்து முளைகளை நாட்டத் தொடங்கினோம். காலையிற் கண் விழித்ததும் கடலிற் சூரியன் எழுவதைக் காணலாமென்று வாசலைக் கிழக்கு நோக்கி வைத்தோம். முதியவர் கிட்ட வந்தார்.

“வாசலை ஊர்ப் பக்கம் வையுங்கோ, தம்பி.”

காரணம் விளங்காமல் அவரைப் பார்த்தோம்.

“இரவிலை திடுக்கிட்டு எழும்பினால் மனிசன் வாசல் இருக்கிற பக்கந்தான் ஓடுவான். கடலுக்கை ஓடக்கூடாது” என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. உடுத்துறையில் வாசித்துவந்த பெயர்களுள் எவையெவை அவருடையவை என்று கேட்க யாருக்கு மனம் வரும்? முளைகளைப் பிடுங்கி, கூடாரத்தைத் திருப்பி, வாசலை ஊரை நோக்கி நாட்டினோம். அவர் ஒரு பக்கத்து முளையைக் காலால் மிதித்து இறுக்கிவிட்டுப் போனார்.

துருவன் தாழும் யாத்திரை

இரவில் மணலிலே மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தோம். வடதிசையிற் கீழ்வானத்தை ஒட்டினாற்போலத் துருவ நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தது. ஓரிடத்தின் அகலக்கோடு எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்திலேயே அங்கே துருவன் நிற்கும். இங்கே அது ஒன்பதரைப் பாகை. கையை நீட்டி முட்டியை மூடிப் பிடித்தால், முட்டியின் அகலமே ஏறத்தாழ 10 பாகை. கதிர்காமத்திலோ அது ஆறரைப் பாகைக்கும் சற்றுக் குறைவு. அதாவது, ஒவ்வொரு நாளும் நாம் தெற்கே செல்லச் செல்ல, துருவன் சிறிது சிறிதாகக் கடலை நோக்கித் தாழ்ந்துகொண்டே போகும். தெற்கே, நடுநிசிக்கு முன்னரே தென்சிலுவை எழுந்து நின்றது. 600 கிலோமீற்றர்ப் பாதையும் வானத்திலே மூன்று பாகைதான். பிள்ளைகளுக்குக் கரும்பலகையிற் பலமுறை வரைந்து காட்டிய கோணம் இது. முட்டியால் அளந்து பார்த்தபோது தான் அதன் சுவை முழுவதும் புலப்பட்டது.

அம்பனிற் சிறுவன் கேட்ட கேள்விக்கு அங்கே கிடந்தபடியே விடை தேடினோம். தனியே போவது பயமில்லையா? கூட்டமாகப் போகிறவர்கள் தமக்குள்ளே பேசிக்கொண்டு போவர். ஊரோடு பேச அவர்களுக்கு அதிகம் தேவை ஏற்படுவதில்லை. தனியே போகிறவனோ தண்ணீருக்கும் நிழலுக்கும் படுக்கைக்கும் ஊரைக் கேட்டே ஆகவேண்டும். எந்தக் கிணறு நன்னீர், எந்தப் பத்தை ஆகாதது, வாசல் எத்திசை என்பவற்றை எந்த வரைபடமும் காட்டாது. அவ்விடத்திலே வாழ்ந்து இழந்தவர்களே சொல்லுவர். மடமும் சுமைதாங்கியும் கட்டிய காலத்திலிருந்து இக்கரையோரம் அப்படித்தான் இருந்திருக்கின்றது. தனிவழிப் பயணம் என்பது பிறர் துணையின்றிச் செல்வதன்று. துணையை ஒவ்வோர் ஊரிலும் புதிதாகக் கேட்டுப் பெறுவதாகும்.

விடியற்காலை மூன்றரை மணிக்கு வாடியிலே பேச்சுக் குரல் கேட்டது. வள்ளம் தள்ளும் ஒலி, பின்பு எந்திரத்தின் ஒலி, பின்பு அலையோசை மாத்திரம். கரையோரமாகச் சுண்டிக்குளம் நோக்கிச் செல்லும் தடம் கால்நடையாளர்க்கு உரியது. பாரமேற்றிய வண்டிக்கு உகந்த வழி, இயக்கச்சிக்குச் சென்று பரந்தனை அடைந்து, அங்கிருந்து முல்லைத்தீவு வீதியைப் பிடிப்பதே. அதுவே இரண்டாம் நாளின் வேலை. வாசகர்களுள் இளைஞராயிருப்போர்க்கு ஒரு சொல்: கதிர்காமம் வரை போக வாய்க்காவிடினும் குற்றமில்லை. ஒரு விடுமுறை நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊருக்கு அப்பால் ஐம்பது கிலோமீற்றர் செல்லுங்கள். போகுமிடத்திலே தண்ணீர் கேட்டுக் குடியுங்கள். வழி கேட்டுச் செல்லுங்கள்.